சிலந்திக் கடி: வலிக்கு ஊசியா மாத்திரையா, புண்ணுக்குக் கத்தியா பொறுமையா?

போன மாதம் ஒரு சனிக்கிழமை சாயங்காலம் தெரிந்த தம்பி ஒருவர் போன் செய்தார். சிட்னிக்கு மேற்கே இருக்கிறார். புல் வெட்டலாம் என்று ஷெட்டில் கிடந்த பழைய பூட்ஸுக்குள் காலை விட்டிருக்கிறார். ஊசி குத்தியது போலச் சுருக்கென்று ஒரு கடி. பூட்ஸைக் கவிழ்த்துத் தட்டினால், பட்டாணி அளவு கறுப்பு உடம்பு, முதுகில் சிவப்புக் கோடு. ரெட்பேக் சிலந்தி. "அக்கா, நேரா ஆஸ்பத்திரிக்குப் போய் விஷமுறிவு ஊசி போடச் சொல்லட்டுமா, இல்ல பனடால் போட்டுட்டுப் படுக்கட்டுமா?"

அதே வாரம் டாலஸிலிருந்து ஒரு தோழி, தன் கணவரின் தொடைப் படத்தை அனுப்பினாள். நடுவில் சாம்பல் நீலம், சுற்றி வெளுப்பு, அதைச் சுற்றிச் சிவப்பு. பிரவுன் ரெக்லூஸ் என்ற சிலந்தியின் கடி என்று மருத்துவர் சொல்லிவிட்டார். டாப்சோன் மாத்திரை தரலாம் என்கிறார் ஒருவர். வெட்டி எடுத்துவிடலாம் என்கிறார் இன்னொருவர். எதுவும் வேண்டாம், ஆறட்டும் என்கிறார் மூன்றாமவர். யார் சொல்வதைக் கேட்பது?

நான் அவசரப் பிரிவில் செவிலியராக வேலை செய்கிறேன். இந்த இரண்டு கேள்விகளும் அடிக்கடி வருவதால் இரண்டையும் சேர்த்தே எழுதுகிறேன். ஆனால் முதலிலேயே ஒன்றைப் பிரித்துக்கொள்ள வேண்டும். ரெட்பேக்கும் அமெரிக்காவின் பிளாக் விடோவும் ஒரே குடும்பம். அவற்றின் விஷம் நரம்பு முனைகளைத் தூண்டிவிடும். வலி கொல்லும், சதை அழுகாது. ரெக்லூஸின் விஷம் தோலையும் அதன் கீழுள்ள கொழுப்பையும் தின்னும். முதல் சில மணி நேரம் வலியே தெரியாமல் போகலாம். ஆக ஒன்று வலிக்கான முடிவு, இன்னொன்று புண்ணுக்கான முடிவு. ஒன்றுக்குச் சொன்ன வைத்தியத்தை மற்றதற்குச் செய்வதில்தான் பாதிக் குழப்பம் பிறக்கிறது.

## எதையெல்லாம் பார்த்து முடிவு செய்வது

நான் ஐந்து விஷயங்களைப் பார்ப்பேன். வைத்தியம் வேலை செய்கிறது என்பதற்கு ஆதாரம் எவ்வளவு. எவ்வளவு சீக்கிரம் கேட்கும். அதனால் வரும் கெடுதல் என்ன. பில்லில் தெரியாத செலவு என்ன: காத்திருக்கும் நேரம், லீவு, ஆம்புலன்ஸ், மறுபடி மறுபடி போய்வருவது. கடைசியாக, கடிபட்டது யார். குழந்தையா, கர்ப்பிணியா, வேறு நோய் உள்ளவரா.

ஒரு விஷயத்தில் மட்டும் இந்தக் கணக்கெல்லாம் வேண்டாம். சிட்னி, நியூகாஸில், புளூ மவுண்டன்ஸ் பக்கம் பளபளவென்று கறுப்பாக, தடித்த ஒரு சிலந்தி கடித்தால் அது ஃபனல்வெப் என்றே வைத்துக்கொள்ளுங்கள். கை காலை அசைக்காமல், கடிவாயில் தொடங்கி அந்தக் கை அல்லது கால் முழுவதும் அகலமான எலாஸ்டிக் பேண்டேஜை இறுக்கிச் சுற்றி, ஆஸ்திரேலிய அவசர எண்ணான 000-க்கு அடியுங்கள். 1981-இல் விஷமுறிவு மருந்து வந்ததற்கு முன்னால் அந்தச் சிலந்தியால் 13 பேர் இறந்ததாகப் பதிவு இருக்கிறது. வந்த பிறகு ஒருவர்கூட இல்லை. அங்கே ஊசியா மாத்திரையா என்ற கேள்விக்கே இடமில்லை.

ரெட்பேக்குக்கு அந்தக் கட்டு வேண்டாம். அதன் விஷம் மெதுவாகத்தான் பரவும். இறுக்கிக் கட்டினால் வலி கூடுவதுதான் மிச்சம். ஊரிலிருந்து வந்த அப்பா அம்மா பக்கத்தில் இருந்தால் முதலில் கயிற்றைத்தான் தேடுவார்கள், அடுத்தது பிளேடு. பாசத்தில் செய்வதுதான். அன்பாகத் தடுத்துவிடுங்கள். கயிற்றால் கட்டுவதும் கீறுவதும் உறிஞ்சுவதும் எந்தச் சிலந்திக் கடிக்கும் உதவாது.

## வலி: ரெட்பேக்குக்கு மூன்று வழிகள்

ரெட்பேக் வலி எப்படி இருக்கும் என்று தெரிந்தால் முடிவெடுப்பது சுலபம். கடித்த உடனே பெரிதாக ஒன்றும் இருக்காது. ஒரு மணி நேரத்துக்குள் ஏறத் தொடங்கும். காலில் கடித்தால் தொடையிடுக்கிலும், கையில் கடித்தால் அக்குளிலும் நெறி கட்டியது போல வலிக்கும். எங்களிடம் வருபவர்களிடம் நான் முதலில் பார்ப்பது வியர்வையை. உடம்பெல்லாம் காய்ந்திருக்கும். கடிவாயைச் சுற்றி உள்ளங்கை அகலத்துக்கு மட்டும் தோல் ஈரமாக மினுங்கும், அந்த இடத்தில் மட்டும் மயிர் குத்திட்டு நிற்கும். கண்ணாடி போட்டுக்கொண்டு பார்த்தால் முத்து முத்தாக வியர்வை தெரியும். அதைப் பார்த்துவிட்டால் சிலந்தியை யாரும் பிடித்துக் கொண்டுவர வேண்டிய தேவையே இல்லை.

### வீட்டில் ஐஸும் மாத்திரையும்

பெரும்பாலான ரெட்பேக் கடிகளுக்கு இதுவே போதும். ஐஸைத் துணியில் சுற்றிக் கால் மணி நேரம் வைத்து எடுங்கள், தேவைப்பட்டால் மறுபடி வையுங்கள். கூடவே பாராசிட்டமால் (பனடால்). பெரியவர்கள் ஒரு நாளில் 500 மி.கி. மாத்திரை எட்டுக்கு மேல் போகக் கூடாது. வயிற்றுப் புண், சிறுநீரகக் கோளாறு, கர்ப்பம் எதுவும் இல்லையென்றால் ஐபுபுரோஃபெனும் சேர்த்துக்கொள்ளலாம்.

இதில் மறைந்திருக்கும் செலவு தூக்கம். வலி ராத்திரியில் ஏறும், ஒருநாள் இரண்டு நாள் விட்டு விட்டு வரும். "மாத்திரை கேட்கவில்லை, விஷம் ஏறுகிறது" என்று பயம் வரும். வலி ஏறுவதும் இறங்குவதும் இந்தக் கடியின் இயல்பு. உயிருக்கு ஆபத்து என்று அதற்கு அர்த்தம் இல்லை. சந்தேகம் வந்தால் 13 11 26-க்குப் போன் செய்யுங்கள். ஆஸ்திரேலியா முழுவதற்குமான விஷத் தகவல் மையம், 24 மணி நேரமும் ஆள் இருப்பார்கள். ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டுமா வேண்டாமா என்று அவர்களே சொல்லிவிடுவார்கள். பாதிப் பேருக்கு அந்தப் பேச்சே பெரிய மருந்து.

### ஆஸ்பத்திரியில் பலமான வலிநிவாரணி

இரண்டு மாத்திரையும் போட்டு அசைய முடியாத வலி என்றால், வாந்தி, தலைவலி, உடம்பெல்லாம் வியர்வை என்றால், கடிபட்டது சின்னக் குழந்தையோ கர்ப்பிணியோ என்றால் வந்துவிடுங்கள். ஆக்ஸிகோடோன் போன்ற பலமான மருந்து கொடுப்போம். கேட்கும். ஆனால் மலச்சிக்கல், குமட்டல், மயக்கம் உண்டு. அன்று கார் ஓட்டக் கூடாது, கூட்டிப்போக ஒருவர் வேண்டும். குழந்தைகள் வலியைச் சொல்லத் தெரியாமல் ஓயாமல் அழுவார்கள். காரணமே தெரியாமல் அழும் குழந்தையின் உடம்பைத் துழாவும்போது ஓரிடத்தில் மட்டும் ஈரம் தட்டுப்பட்டால் எங்களுக்குப் பொறி தட்டும்.

### விஷமுறிவு ஊசி

தம்பி கேட்டது இதைத்தான். எல்லாரும் கேட்பதும் இதைத்தான். விஷத்துக்கு விஷமுறிவு என்பது நமக்குப் பாம்புக் கடியிலிருந்தே பழகிய நியாயம். ரெட்பேக் ஊசி 1956-இல் வந்தது, குதிரையின் ரத்தத்திலிருந்து எடுப்பது. பல பத்தாண்டுகள் யோசிக்காமல் போட்டுக்கொண்டிருந்தார்கள், நன்றாக வேலை செய்வதாகவே எல்லாரும் நம்பினார்கள்.

அப்புறம் ஆஸ்திரேலியாவிலேயே சோதித்துப் பார்த்தார்கள். 2014-இல் வெளியான ஆய்வில் 224 பேர். எல்லாருக்கும் வழக்கமான வலி மருந்து. அதோடு பாதிப் பேருக்கு விஷமுறிவு, பாதிப் பேருக்கு மருந்துச் சத்தே இல்லாத வெறும் போலி மருந்து. யாருக்கு எது என்று நோயாளிக்கும் தெரியாது, கொடுத்தவருக்கும் தெரியாது. இரண்டு மணி நேரம் கழித்து, விஷமுறிவு போட்டவர்களில் 34 சதவீதத்தினருக்கு வலி கணிசமாகக் குறைந்திருந்தது. போலி மருந்து போட்டவர்களில் 23 சதவீதம். வித்தியாசம் இருப்பது போலத் தெரிந்தாலும், தற்செயலாக வந்தது இல்லை என்று சொல்லும் அளவுக்கு அது பெரிதாக இல்லை. ஊசி போட்ட 112 பேரில் 4 பேருக்கு உடனடி ஒவ்வாமை வந்தது.

ஏன் இப்படி? ரத்தத்தில் மிதக்கும் விஷத்தை மருந்து பிடித்துவிடுகிறது. ஆனால் வலி வரும்போது விஷம் நரம்பு முனையில் ஏற்கெனவே தன் வேலையைக் காட்டியிருக்கும். அதைத் திரும்ப எடுக்க ஊசியால் முடிவதில்லை என்பதுதான் இப்போதைய விளக்கம்.

அதனால்தான் இன்று பல ஆஸ்பத்திரிகளில் இதை எடுத்தவுடன் போடுவதில்லை. "ஊசி கூடப் போடாமல் அனுப்பிவிட்டார்கள்" என்று வருத்தப்படுபவர்களைப் பார்த்திருக்கிறேன். அவர்கள் அலட்சியப்படுத்தப்படவில்லை. பலமான வலி மருந்தும் கேட்கவில்லை, வலி நாள்கணக்கில் இழுக்கிறது என்றால் ஊசியைப் பற்றிப் பேசலாம். அப்போது விஷமுறிவு நிபுணரிடம் போனில் கேட்டு முடிவெடுப்பார்கள்.

இந்த ஊசியின் மறைவான செலவை நம்மவர்கள் அவசியம் தெரிந்துகொள்ள வேண்டும். போட்ட பிறகு சில மணி நேரம் ஆஸ்பத்திரியிலேயே கண்காணிப்பில் இருக்க வேண்டும். ஒரு வாரம் பத்து நாள் கழித்து காய்ச்சல், தடிப்பு, மூட்டு வலி என்று சீரம் சிக்னஸ் வரலாம். வந்தால் மறுபடி லீவு, மறுபடி மருத்துவர். ஊரில் பாம்புக் கடிக்கு ஊசி போட்டிருக்கிறீர்களா? நாய்க் கடிக்குத் தடுப்பூசியோடு குதிரை சீரமும் போட்டார்களா? அதையும் மறக்காமல் சொல்லுங்கள். அவையும் குதிரையிலிருந்து எடுத்தவை. உடம்பு அதை ஞாபகம் வைத்திருக்கக்கூடும். இங்குள்ள மருத்துவருக்கு அதைக் கேட்கத் தோன்றாமல் போகலாம்.

| | வீட்டில் ஐஸ், மாத்திரை | ஆஸ்பத்திரி வலிநிவாரணி | விஷமுறிவு ஊசி |
|---|---|---|---|
| பலன் | சாதாரணக் கடிக்குப் போதும் | கடும் வலியைக் குறைக்கும் | உறுதியாகச் சொல்ல முடியாது |
| கெடுதல் | அளவு மீறாத வரை குறைவு | மயக்கம், குமட்டல், மலச்சிக்கல் | ஒவ்வாமை, பின்னால் சீரம் சிக்னஸ் |
| மறைவான செலவு | ஓரிரு இரவுத் தூக்கம் | காத்திருப்பு, ஓட்டிப்போக ஆள் | கண்காணிப்பு, பிறகும் லீவு |
| யாருக்கு | ஆரோக்கியமான பெரியவர் | குழந்தை, கர்ப்பிணி, தாங்காத வலி | மற்றது எதுவும் கேட்காதவர் |

பணத்தைப் பற்றியும் ஒரு வார்த்தை. ஆஸ்திரேலிய அரசின் மருத்துவக் காப்பீடான மெடிகேர் ஆம்புலன்ஸ் செலவைக் கட்டாது. குயின்ஸ்லாந்து, டாஸ்மேனியாவாசிகளுக்கு மாநிலமே பார்த்துக்கொள்ளும், மற்ற இடங்களில் பில் வரலாம். விசிட்டர் விசாவில் வந்த அப்பா அம்மாவுக்கு இன்ஷூரன்ஸ் எடுக்காமல் விட்டிருந்தால் அவசரப் பிரிவுச் செலவும் உங்கள் தலையில்தான். ஃபனல்வெப் என்றால் இதையெல்லாம் நினைக்கவே கூடாது. ரெட்பேக்குக்கு, பெரியவர் நடமாட்டமாக இருந்தால், முதலில் 13 11 26, பிறகு தேவைப்பட்டால் உங்கள் காரிலேயே வரலாம்.

அமெரிக்காவில் பிளாக் விடோ கடித்தவர்களுக்கும் கணக்கு ஏறக்குறைய இதே. அங்கும் வலி மருந்தும், தசை இறுக்கத்துக்கான மருந்தும்தான் முதலில். முன்பெல்லாம் கால்சியம் ஊசி போடுவார்கள், அது பெரும்பாலானவர்களுக்குக் கேட்கவில்லை என்று தெரிந்த பிறகு கைவிட்டார்கள்.

## புண்: ரெக்லூஸுக்கு நான்கு வழிகள்

இனி டாலஸ் தோழியின் கேள்வி. பிரவுன் ரெக்லூஸ் டெக்ஸாஸ், ஓக்லஹோமா, கான்சாஸ், மிசோரி, ஆர்கன்சா, டென்னஸி போன்ற மாநிலங்களின் சிலந்தி. கலிஃபோர்னியாவில் அது குடியேறி வாழ்வதில்லை. ஃப்ரீமான்ட்டிலோ சான் ஹோசேயிலோ இருந்துகொண்டு "ரெக்லூஸ் கடி" என்று யாராவது சொன்னால் முதலில் வேறு காரணம் தேடுங்கள். அது இருக்கும் ஊரிலும் அவ்வளவு எளிதில் கடிப்பதில்லை. கான்சாஸில் ஒரே வீட்டில் ஆறு மாதத்தில் 2,055 ரெக்லூஸ்களைப் பிடித்திருக்கிறார்கள். அங்கே குடியிருந்த குடும்பத்தில் ஒருவரையும் அவை கடித்ததாகத் தெரியவில்லை.

தமிழில் சிலந்தி என்றால் பூச்சி மட்டுமில்லை, கட்டிக்கும் புண்ணுக்கும்கூட அந்தப் பெயர் உண்டு. "சிலந்தி வந்திருக்கு" என்று பாட்டிகள் கட்டியைச் சொல்வார்கள். அந்தக் குழப்பம் உலகம் முழுக்க இருக்கிறது. சாதாரண மருந்துக்கு அடங்காத ஸ்டாஃப் கிருமியால் வரும் சீழ்க்கட்டிகளை அமெரிக்காவில் சிலந்திக் கடி என்று சொல்லிச் சிகிச்சை தாமதமாவது வழக்கமான தவறு. ஆஸ்திரேலியாவில் வெள்ளைவால் சிலந்தி கடித்தால் சதை அழுகும் என்று இன்றும் பலர் நம்புகிறார்கள். சிலந்தியைப் பிடித்து உறுதி செய்த 130 கடிகளை ஆராய்ந்து 2003-இல் எழுதினார்கள். ஒன்றில்கூடச் சதை அழுகவில்லை. சீழ் பிதுங்கினால், ஒரே நேரத்தில் பல இடத்தில் புண் வந்தால், நடுப்பகுதி குழியாமல் மேடாகப் புடைத்திருந்தால், அது ரெக்லூஸாக இருக்க வாய்ப்புக் குறைவு. கிருமிக்கான சோதனையைக் கேளுங்கள்.

### புண்ணைப் பராமரித்துக் காத்திருப்பது

என் முதல் தேர்வு இதுதான். ரெக்லூஸ் கடிகளில் ஏறக்குறைய பத்தில் ஒன்பது பெரிய வடு இல்லாமல் தானே ஆறிவிடும். சோப்பும் தண்ணீரும் போட்டுக் கழுவி, காலை உயர்த்தி வைத்து, குளிர் ஒத்தடம் கொடுங்கள். வெந்நீர் ஒத்தடம் வேண்டவே வேண்டாம். இந்த விஷத்திலுள்ள நொதி சூட்டில் வேகமாக வேலை செய்யும், குளிரில் மந்தமாகும். டெட்டனஸ் (டிடி) தடுப்பூசி பாக்கி இருந்தால் போட்டுக்கொள்ளுங்கள். ஆன்டிபயாடிக் கிருமி சேர்ந்தால் மட்டும்.

இதற்கு விலை பொறுமை. இரண்டு மூன்று நாளில் நடுப்பகுதி நீலமாகிக் குழியும், ஒரு வாரத்தில் கறுத்துப் பொருக்குத் தட்டும், இரண்டு மூன்று வாரத்தில் பொருக்கு விழுந்து கீழே பள்ளம் தெரியும். அது ஆற வாரங்கள், சில நேரம் மாதங்கள். தொடை, வயிறு, இடுப்புக்குக் கீழே என்று கொழுப்பு அதிகமுள்ள இடங்களில் இன்னும் தாமதம். பொருக்கைப் பிய்க்கக் கூடாது, மஞ்சளோ சுண்ணாம்போ குழைத்துப் பூசக் கூடாது.

குழந்தைகளுக்கு மட்டும் "காத்திருப்போம்" என்பதை இப்படியே சொல்ல மாட்டேன். கடித்து முதல் மூன்று நாளுக்குள் காய்ச்சல், உடம்பெல்லாம் தடிப்பு, கோலா நிறத்தில் சிறுநீர், முகம் வெளுத்துப்போவது என்றால் விஷம் ரத்த அணுக்களை உடைக்கிறது. புண் சின்னதாக இருந்தாலும் உடனே ஆஸ்பத்திரி.

### டாப்சோன்

தொழுநோய்க்குக் கொடுக்கும் அதே மாத்திரை. விஷம் போதாதென்று, அங்கே குவியும் நம் சொந்த வெள்ளணுக்களும் சேர்ந்துதான் தோலைக் கெடுக்கின்றன. அவற்றை டாப்சோன் அடக்கும் என்பது கணக்கு. கேட்க நன்றாகத்தான் இருக்கிறது, ஆனால் மனிதர்களிடம் முறையாகச் சோதித்த வலுவான ஆதாரம் இல்லை.

ஜி6பிடி என்ற நொதி குறைவாக உள்ளவர்களுக்கு இந்த மாத்திரை ரத்த அணுக்களை உடைக்கும். அந்தக் குறை இந்தியர்களிடமும் இலங்கையர்களிடமும் உண்டு, ஆண்களிடம் கூடுதல். பலருக்குத் தங்களுக்கு இருப்பதே தெரியாது. எனவே முதலில் ரத்தப் பரிசோதனை, ரிசல்ட் வர நாளாகலாம், அதற்குள் மாத்திரைக்கான நேரம் போய்விடும். இன்னொரு சிக்கலும் உண்டு. விஷமும் ரத்தத்தை உடைக்கும், மாத்திரையும் உடைக்கும். மூன்றாம் நாள் சிறுநீர் கறுத்தால் எதனால் என்று மருத்துவர் திணறுவார். வயது வந்தவர், புண் வேகமாகப் பெரிதாகிறது, ஜி6பிடி சரி, அடிக்கடி ரத்தம் பார்க்க வசதி இருக்கிறது என்றால் மட்டும் இதைப் பரிசீலிப்பேன்.

### வெட்டி எடுப்பது

கெட்டதை வெட்டி எறிந்தால் நிம்மதி என்று மனசு சொல்லும். முதல் வாரத்தில் எது செத்த சதை, எது பிழைக்கப்போகும் சதை என்ற எல்லை தெரியாது. வெட்டிய விளிம்பிலும் விஷம் இருக்கும். தையல் ஒட்டாது, தோல் ஒட்டு நிற்காது, கடைசியில் புண் பெரிதாகும். 1985-இல் வந்த ஓர் ஆய்வு, உடனே வெட்டியதையும், டாப்சோன் கொடுத்துப் பொறுத்திருந்து பிறகு தேவைப்பட்டால் வெட்டியதையும் ஒப்பிட்டது. பொறுத்திருந்தவர்களுக்கே சிக்கல் குறைவு. சிறிய ஆய்வுதான். ஆனால் அதற்குப் பிறகு சீக்கிரம் வெட்டும் வழக்கம் குறைந்துபோனது.

கத்திக்கு இடம் உண்டு. எல்லை தெளிவாகி, புண் நிலைத்து, ஆறேழு வாரம் கழித்தும் மூடாமல் இருந்தால் தோல் ஒட்டு அறுவை நல்ல முடிவு. கிருமி சேர்ந்து, சிவப்பு மணிக்கணக்கில் பரவி, தாங்காத வலியும் காய்ச்சலும் வந்தால் அது வேறு கதை. அங்கே ஒரு நாள்கூடத் தள்ளக் கூடாது.

### விஷமுறிவு, மற்றவை

அமெரிக்காவில் ரெக்லூஸுக்கு அனுமதி பெற்ற விஷமுறிவு கிடையாது. பிரேசிலில் உண்டு. அங்கே பரானா மாநிலத்தில், முக்கியமாகக் குரிச்சிபா நகரில், இதே இனத்துச் சிலந்தி வீடுகளில் ஏராளம். புட்டான்டன் நிறுவனம் உள்ளிட்டவை மருந்து தயாரிக்கின்றன. சீக்கிரம் போட்டால்தான் பலன். ஆனால் கடி வலிக்காததால் நோயாளிகள் தாமதமாகவே வருகிறார்கள். அழுத்த ஆக்ஸிஜன் அறைச் சிகிச்சையை டெக்ஸாஸில் யாராவது சிபாரிசு செய்தால், எத்தனை தடவை போக வேண்டும், இன்ஷூரன்ஸ் கட்டுமா என்று முதலில் கேளுங்கள். ஆதாரம் இரண்டு பக்கமும் இருக்கிறது, அலைச்சல் நிச்சயம்.

அமெரிக்காவில் விஷத் தகவலுக்கு 1-800-222-1222. இலவசம்.

தம்பி அன்று ஐஸ் வைத்து, இரண்டு மாத்திரை போட்டுப் படுத்தார். ராத்திரி இரண்டு மணிக்கு வலி ஏறியதும் 13 11 26-க்குப் பேசினார், திங்கட்கிழமை நொண்டிக்கொண்டே வேலைக்குப் போனார். டாலஸ் தோழி தினமும் காலையில் கணவரின் தொடையில் சிவப்பின் ஓரத்தை பால்பாயின்ட் பேனாவால் வரைந்து, பக்கத்தில் தேதி போட்டு எனக்குப் படம் அனுப்பினாள். ஐந்தாம் நாள் கோடு நான்காம் நாள் கோட்டுக்கு உள்ளே விழுந்திருந்தது.